பகல் வெயிலைத் திருடியவர்

முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் பூகோளம் கற்பித்தவன் நான். ஆகவே, செய்த தவறுக்கு அறியாமையைக் காரணம் காட்ட வழியில்லை.

ஓய்வுக்குப் பின் மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில் ஒரு கோயிலுக்குச் செயலாளர் ஆனேன். கூரையில் சோலார் தகடுகள் போட வைத்ததும் நான்தான். கைப்பேசியில் உற்பத்தியைக் காட்டும் பச்சைக் கோடு ஏறும்போதெல்லாம், சூரியனையே நான் வரவழைத்ததுபோல் நடந்தேன். (பக்தர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.)

ஒரு வறண்ட பருவத்தில் பச்சைக் கோடு படுத்துவிட்டது. செலவைக் காட்டும் சிவப்புக் கோடோ எழுந்து நின்றது. யாரோ மின்சாரத்தை எடுக்கிறார்கள்! தமிழகத்திலிருந்து வந்த குருக்கள் பின்னறையில் தனியே தங்கியிருந்தார். அந்த அறையில் குளிரூட்ட ஏர்கோன் உண்டு. என் புத்திக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நான்கு நாள் நண்பகலில் அவர் அறைச் சுவரில் காதை வைத்து நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு அமைதியாக ஓடுகிறதென்றால் எவ்வளவு திருட்டுத்தனம் என்று சந்தேகம் இன்னும் வளர்ந்தது.

அவருடைய வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் கமிட்டி கூடியது. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பேனாவை மூடி வைத்தேன்.

"சாமி ரூமுல பகல் பூரா ஏர்கோன் ஓடுது. முதல்ல அதுக்குப் பதில் சொல்லட்டும்" என்றேன்.

"அலமாக்! சாமியப் போய் சந்தேகப்படலாமா சார்?" என்றார் தலைவர்.

குருக்கள் மெல்ல எழுந்தார். "சார், அது ரிப்பேராகி மூணு மாசம் ஆச்சு. ஆள் அனுப்புறேன்னு நீங்கதான் சொன்னீங்க."

என் பழைய மாணவி லெட்சுமியும் கமிட்டியில் இருந்தாள். "சார், காடு எரிஞ்சு ஊரே புகைமூட்டமா கெடக்கு. வெயில் விழுந்தாத்தானே கரண்டு? அதே புகைக்குப் பயந்து மண்டபக் கதவெல்லாம் மூடி எட்டு ஏர்கோனும் போட்டிருக்கோம். நீங்களே மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான் பேசுறீங்க லா!"

எல்லோரும் சிரித்தார்கள், குருக்களைத் தவிர. அவசரமாகப் பேனாவைத் திறந்தேன்.

"வேணாம் சார்" என்றார் குருக்கள்.

அனுமதி முடிந்த வாரமே ஊருக்குப் போய்விட்டார். தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "புகை விட்டுச்சா சார்? உங்க இருமல் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

இன்றும் வானம் மூடினால் என் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்: "என்னங்க, வெயிலக் காணோம். யார் மேல சந்தேகம்?"

பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இருமல் வந்தால் மட்டும் குருக்கள் ஞாபகம் வரும்.