டர்பைன் சேரும் கழுவிய தட்டும்

காற்றைப் பற்றிக் கோள் சொல்வதையே முழுநேர வேலையாக வைத்திருந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் செட்டிபாளையத்தில், நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில், அடுத்த அறையில் இருந்தார். ஊருக்கு அவர் டர்பைன் சேர்.

பகலில் தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பித்தார்; அதனால்தான் 'சேர்'. மிச்ச நேரமெல்லாம் கலாநிதிப் பட்ட ஆராய்ச்சி. டர்பைன் இறக்கைகளுக்கு நடுவே பறக்கும் காற்று எங்கே வீணாகிறது என்பதுதான் விஷயம்.

"நடுவால போற காத்து நல்ல பிள்ளை," என்பார். "சுவரோட ஒட்டிப் போறதுதான் களைச்ச காத்து. ஒரு இறக்கை தள்ள, அது அடுத்த இறக்கையிட முதுகுப் பக்கம் போய்ச் சுழண்டு கிறுகும். கிறுகிக் கிறுகி எங்கட சக்தியைத் திண்டுபோடும்."

மண்டூர்த் திருவிழாவில் எல்லோரும் சாமியைப் பார்க்க, இவர் வாசலில் நெருக்கும் சனத்தைப் பார்த்தார். சுவரோரம் போன ஒரு பெரியவரைப் பிடித்து நடுவுக்கு இழுத்தார்.

"கைய விடு மனே. நான் செருப்பத் தேடிப் போறன்," என்றார் பெரியவர்.

ஆய்வைத் திங்கட்கிழமை கையளிக்க வேண்டும். தவறினால் பதிவு ரத்து. இத்தனை வருடப் பாடும் வீண். கடைசிப் படம் ஒன்றுதான் பாக்கி. வீட்டுக் கொட்டிலில் ஒரு பெட்டி செய்து, உள்ளே இறக்கைகளை நட்டு, அடித்தட்டில் எண்ணெயும் விளக்குக் கரியும் பூசியிருந்தார். குருக்கள்மடத்து டயர் கடையிலிருந்து காற்று அடைக்கும் இரும்புத் தாங்கிகள் வந்தன. நிரப்ப அரை நாள், ஊதி முடிய ஒரு தும்மல் நேரம். வியாழன் பின்னேரம் ஊதினார். காற்று கிறுகிய இடமெல்லாம் தட்டில் கரிச் சுழியாக விழுந்திருந்தது. மின்விளக்கில் எண்ணெய் பளபளக்கிறதாம், காலை வெளிச்சத்தில்தான் படம் எடுப்பாராம். தட்டைக் கிணற்றடியில் சாத்திவிட்டுப் படுத்தார்.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. வீட்டுக்கார அக்கா வெள்ளிக்கிழமையில் வீட்டைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளிப்பவர். கரி பிடித்த எதையும் அன்று உயிரோடு விடமாட்டார்.

"என்ன சேர் இவ்வளவு பிசுக்கு! சாம்பலும் தேசிக்காயும் போட்டு உரஞ்சோ உரஞ்செண்டு உரஞ்சிப்போட்டன்."

சேர் தட்டை வாங்கிப் பார்த்தார். அதில் அவருடைய முகம் தெரிந்தது.

"நல்லா மினுங்குது அக்கா," என்றார். பிறகு கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை அவரைப் பார்த்துச் சிரித்தே பழகிய எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

டயர் கடைக்கு நானே போனேன். "யாவாரத்த விட்டுப்போட்டு மறுகாவும் உங்களுக்குத் தாங்கி தரேலாது," என்றார் முதலாளி. கெஞ்சினேன். ஞாயிறு கடை பூட்டு என்பதால் ஒருவாறு மனம் இரங்கினார்.

ஞாயிறு காலை ஊதும் நேரத்தில் பெட்டியின் மூடி கசிந்தது.

"அமத்துங்க! விடாம அமத்துங்க!" என்று சேர் கத்தினார். மூடியின் மேல் கவிழ்ந்து அமத்தினேன். இடுக்கால் சீறிய எண்ணெயும் கரியும் நேரே என் முகத்தில். தட்டில் மட்டும் சுழிகள் அச்சடித்ததுபோல் விழுந்திருந்தன. சேர் உடனே படம் எடுத்தார்.

அக்கா சீலைத் துண்டோடு என்னிடம் ஓடிவந்தார்.

"கழுவாதீங்க அக்கா! அவரிட மூக்கடியப் பாருங்க, அதே கிறுக்கம்!" என்று சேர் என் முகத்தையும் இரண்டு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டார்.

ஆய்வு தேறியது. பட்டம் வந்தது. பட்டத்தின் பின்னாலேயே வெளிநாட்டில் வேலையும் வந்தது. அவரை ஊரைவிட்டு அனுப்பத்தான் அந்த மூடியை அப்படி அமத்தினேன் என்பது, அவர் பயணப் பெட்டி கட்டும்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த அறையில் இப்போது ஒரு வங்கிக்காரர். மிக அமைதியானவர். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, காற்றைப் பற்றி ஒரு குறையும் சொல்லாமல் தூங்குகிறார். பாவம், எனக்கு அவரைப் பிடிக்கவேயில்லை.