ஹாக்கன்பியில் ஒரு ஹாக்கன்பி

பெயரைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் அவர்களே வந்து தங்களைக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். கேஸ் கம்பெனிப் பையனிடம் போனில் பெயர் சொல்லும்போது ஒவ்வோர் எழுத்தையும் நாக்கில் வைத்து ருசித்து, "கொஞ்சம் அபூர்வமான பேரு தம்பி, நாடு பூராவுமே நாங்க விரல் விட்டு எண்ணுற மாதிரிதான்" என்று கேட்காத தகவலையும் சேர்த்துக் கொடுத்து, அவன் "அப்படிங்களா மேடம், மீட்டர் நம்பர் சொல்லுங்க" என்றதும் முகம் சுருங்கிப்போகிறவர்கள். புது ஊருக்குப் போனால் முதலில் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைகிறவர்கள். சினிமா முடிந்து எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகும், திரையில் மேலேறும் பெயர்களில் விளக்குப் பிடித்தவர் வரைக்கும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை விடுவார்கள். குடும்பப் பெயரும் கேடயச் சின்னமும் அச்சிட்டுச் சந்தையில் விற்கிற கோப்பை ஒன்று உண்டு. எந்தப் பெயர் கேட்டாலும் அதே பருந்து, அதே வாள். அதை வாங்கி அதில் டீ குடித்தால் டீக்கே வம்சாவளி வந்துவிட்டதாக நினைப்பு.

இவர்களில் பிறப்பிலேயே பெயர் வந்தவர்கள் சாதுக்கள். கல்யாணத்தால் பெயர் வந்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கோப்பை என் வீட்டில்தான் இருக்கிறது.

நான் டோரீன் ஹாக்கன்பி. பிறந்தது டோரீன் ஸ்மித்தாக. ஸ்மித் என்றால் கொல்லன். இங்கிலாந்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் யாராவது ஒரு ஸ்மித்தின் மண்டையில்தான் விழும். டாக்டர் வீட்டில் "மிஸ் ஸ்மித்" என்று கூப்பிட்டால் நாலு பேர் எழுந்து, ஒருவர் வியாதியை ஒருவர் வாங்கிக்கொண்டு திரும்புவோம். ஆகவே லீட்ஸில் ஒரு நடன மண்டபத்தில் டெரிக் என்னிடம் வந்து, "என் பேரு டெரிக் ஹாக்கன்பி" என்றபோது நான் காதலித்தது அதில் இரண்டாவது பாதியை. முதல் பாதியோடு மெல்ல மெல்லத்தான் பழகினேன்.

கல்யாணத்தன்று காலையில் அப்பா கண்ணாடி முன்னால் டை கட்டிக்கொண்டே கேட்டார்: "எங்க பேரு உன்னைக் கடிச்சுதாம்மா?" நான் சிரித்துக்கொண்டே அவர் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டுத் தேவாலயத்துக்கு ஓடினேன்.

டெரிக்குக்குப் பெயரைப் பற்றிய கவலையே கிடையாது. குழாய் வேலை பார்ப்பவர். ஹாக்கின்ஸ் என்று கூப்பிட்டாலும் போவார், ஹாக்கிங் என்று கூப்பிட்டாலும் போவார். குழாய் ஒழுகினால் போதும். நான் அப்படியா? நாட்டில் மொத்தம் நாற்பத்தொரு ஹாக்கன்பிகள்தான் மிச்சம் என்று கண்டுபிடித்தேன். காண்டாமிருகம்கூட எங்களைவிட அதிகம். யார்க்‌ஷயரில் கடற்கரைப் பக்கமாக ஹாக்கன்பி என்றே ஓர் ஊர் இருப்பதையும் கண்டுபிடித்தேன். ஊர் பெயரும் குடும்பப் பெயரும் ஒன்றென்றால் என்ன அர்த்தம்? ஊரே எங்களுடையது என்று அர்த்தம். குதிரை, கோட்டை, வெள்ளித் தட்டு, வாசலில் கும்பிட்டு நிற்கும் ஊர் ஜனம், எல்லாவற்றையும் மனதில் கட்டி முடித்தேன். ஆனால் முப்பது வருஷமாக அந்த ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போகாதவரைக்கும் கோட்டை பத்திரமாக இருந்தது.

இப்படியிருக்கையில் எங்கள் ஒரே பெண் ஜெம்மா தன் காதலனைச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்தாள். நல்ல பையன். ரோஸ்ட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பெயர் கிரெய்க்.

"கிரெய்க்... என்ன?" என்றேன்.

"ஸ்மித், ஆன்ட்டி."

கிரேவிக் கிண்ணம் என் கையிலிருந்து நழுவி மேஜை விரிப்பில் கவிழ்ந்தது. நான் கழற்றி எறிந்த சட்டையை என் பெண் ஆசை ஆசையாக எடுத்து மாட்டிக்கொள்ளப் பார்க்கிறாள்!

அவன் போன பிறகு நான் அழுதேன், கெஞ்சினேன், காண்டாமிருகத்தையும் இழுத்தேன். ஜெம்மா அசையவில்லை.

"அம்மா, அது வெறும் பேரு. இருபத்தாறு வருஷமா எல்லார்கிட்டயும் எழுத்துக் கூட்டிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது."

"அது நம்ம ஊரு, நம்ம மண்ணுடீ!"

"அப்படியா? சரி, ஒண்ணு பண்ணு. அந்த ஊருக்குப் போ. ஹாக்கன்பியில ஒரே ஒரு ஹாக்கன்பிய உயிரோட காட்டு. நான் பேர மாத்தல. இல்லைன்னா கல்யாணத்துல வாயத் திறக்கக் கூடாது. சம்மதமா?"

ஒன்றென்ன, ஒன்பது காட்டுகிறேன் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே டெரிக்கை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தொப்பி போட்டுக்கொண்டேன். சொந்த ஊருக்குள் முதல்முதலாக நுழையும்போது தொப்பி இல்லாமலா?

ஒரு தெரு, ஒரு தேவாலயம், ஒரு பப், நிறைய ஆடு. கோட்டையைக் காணோம். அதனாலென்ன, இடிந்திருக்கும். நேரே கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்தேன். முதல் கல்: ஸ்மித். இரண்டாவது: ஸ்மித். பாசியைச் சுரண்டினால் உள்ளே இன்னொரு ஸ்மித். அந்த வரிசை முழுக்க, மூலைவரைக்கும், என் அப்பாவின் பெயர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. போரில் இறந்தவர்களின் நினைவுத் தூணில் தேடினேன். அங்கேயும் ஸ்மித்கள் வரிசையாக உயிரை விட்டிருந்தார்கள். ஹாக்கன்பி என்று ஒருவன் அந்த ஊரில் செத்ததற்கே அடையாளம் இல்லை. தொப்பியை நேராக்கிக்கொண்டு பப்புக்கு நடந்தேன்.

பப்பில் பீர் ஊற்றிக்கொண்டிருந்த உரிமையாளர் அம்மாள் என் தொப்பியைப் பார்த்ததுமே தலையை ஆட்டினாள்.

"பேரு தேடி வந்தீங்களா கண்ணு?"

"எப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் உங்க ஆளுங்க யாராவது வருவாங்க. போன தடவை கனடாவுலருந்து ஒருத்தர். கல்லறையில சுத்துவாங்க, இங்க வந்து கறி வச்ச பை சாப்பிடுவாங்க, மூக்கச் சிந்திட்டுப் போவாங்க. பை சூடா இருக்கு, கொண்டாரவா?"

"இந்த ஊர்ல ஒரு ஹாக்கன்பிகூடவா இல்ல?"

"எப்படி இருப்பான்? இங்க இருக்குற எல்லாரும் ஹாக்கன்பிக்காரங்கதானே? ஜான்னு ரெண்டு பேரு இருந்தா, ஒருத்தன் கொல்லன், ஒருத்தன் ஆட்டுக்காரன்னு சொல்லுவோம். ரெண்டு பேரையும் ஹாக்கன்பிக்காரன்னு சொன்னா எவன் திரும்பிப் பார்ப்பான்? ஊர விட்டுப் போனவனத்தான், போன இடத்துல, ‘டேய் ஹாக்கன்பிக்காரா’ன்னு கூப்பிட்டிருப்பாங்க."

"அப்ப எங்க முன்னோர்..."

"கிளம்பிப் போனவரு. ஏன் போனாருன்னு கேக்காதீங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆடு ஏதாவது காணாமப் போயிருக்கும்."

பப் முழுக்கச் சிரித்தது. குதிரை போயிற்று, கோட்டை போயிற்று. மிஞ்சியது ஓர் ஆடும் அதை இழுத்துக்கொண்டு இருட்டில் ஓடும் ஒருவனும். எனக்கு அழுகை வந்தது. "உங்க பேரு என்னங்க?" என்று அவளைக் கேட்டேன்.

"ஸ்மித்," என்றாள். வேறென்ன சொல்லப் போகிறாள்? கொல்லன் ஊரை விட்டுப் போவதில்லை. அவன் இல்லாவிட்டால் லாடம் யார் அடிப்பது? இந்த ஊரில் எனக்கென்று ஏதாவது உறவு இருக்குமென்றால், அது நான் உதறிவிட்டு வந்த பெயரில்தான் இருக்கும்.

பாதி தின்ற பையைத் தட்டிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். "தோத்துட்டேன் டெரிக். வாயத் திறக்க மாட்டேன். வண்டிய எடு."

டெரிக் வண்டியை எடுக்கவில்லை. தெருக்கோடியில் இருந்த ஊர்ப் பெயர்ப் பலகைக்கு நடந்து போய், முழங்காலைத் தடவிக்கொண்டு, அதன் பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

"என்ன பண்றே?"

"போட்டோ எடு. ஹாக்கன்பியில ஒரு ஹாக்கன்பி, உயிரோட. அதுதானே கேட்டா?"

முப்பது வருஷமாக யார் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்த மனுஷர். "உனக்குத்தான் இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாச்சே?" என்றேன்.

"பைத்தியக்காரத்தனந்தான்," என்று காலைப் பார்த்துக்கொண்டார். "ஆனா எனக்கப்புறம் யாருமில்லன்னு நெனச்சா கொஞ்சம் கஷ்டமா இருக்கு டோரீன். எடு சீக்கிரம், ஆடு வருது."

எடுத்தேன். அதற்குள் ஆடு வந்துவிட்டதால் பாதிப் படத்தில் அதுதான் விழுந்தது. அனுப்பினேன். வேன் மெயின் ரோட்டை அடைவதற்குள் ஜெம்மாவின் போன் வந்தது. சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது. "அப்பாவா? அப்பாவே போய் நின்னாரா? சரி, ஜெயிச்சிட்டீங்க. பேர மாத்தல."

இத்தோடு முடிந்ததென்று நினைத்தீர்களா? அவள் கையிலிருந்து கிரெய்க் போனைப் பிடுங்கினான்.

"ஆன்ட்டி, நான் யோசிச்சேன். நானும் ஹாக்கன்பின்னே மாத்திக்கிறேன். ஸ்மித்தா இருந்து சலிச்சுப்போச்சு. ஆமா, நாம மொத்தம் நாற்பத்தொரு பேருதானாமே? என்னோட நாற்பத்திரண்டு. அந்தக் கேடயம் போட்ட கோப்பை எங்க கிடைக்கும்?"

நாம்! இன்னும் மோதிரமே மாற்றவில்லை, அதற்குள் நாம்! அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். நடன மண்டபத்தில் எனக்கு வந்த அதே காய்ச்சல். கிரெய்க்கின் அம்மா மறுநாள் காலை என்னைப் போனில் கூப்பிட்டாள். கோபமாகக்கூட இல்லை. "எங்க பேரு அவனக் கடிச்சுதாங்க?" என்று மட்டும் கேட்டாள். அப்பாவுக்குச் சொல்லாத பதிலை அவளுக்கு எங்கிருந்து எடுத்துக் கொடுப்பேன்? பருந்து தெரியாதபடி கோப்பையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் பக்கத்திலும் பெயருக்கு முன்னால் ஊரை மாட்டிக்கொள்வது உண்டாமே? இதைப் படித்துக்கொண்டு வரும்போதே மனதுக்குள் அந்த ஊரை ஒருதரம் பெருமையாகச் சொல்லிப் பார்த்தீர்களா? சொன்னீர்கள் என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள், நீங்களும் நம்ம ஆள்தான். அந்த ஊரில் இருந்தவரைக்கும் உங்கள் பாட்டனாரை யாரும் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஏன் கிளம்பினார் என்று மட்டும் அங்கே போய் விசாரிக்காதீர்கள். இன்னும் யாராவது அந்த ஆட்டைத் தேடிக்கொண்டிருக்கலாம்.