ரிம்முக்கு மிஞ்சிய டயர்

ஜாக்கியை இறக்கியதும் பிக்கப் வண்டி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. சக்கரத்தின் இரும்பு ரிம் ஒல்லி, டயர் அகலம். ரிம் இரண்டு ஓரத்தையும் இறுக்கிப் பிடித்ததில் டயரின் நடுப்பகுதி உப்பியிருந்தது.

"இது சரியா வருமா?" என்றான் மாப்பிள்ளை.

டயர்க்காரர் எங்கோ பார்த்தபடி, "மாட்டியாச்சுல்ல, ஓட்டிப் பாருங்க" என்றார்.

யோசிக்க ஏது நேரம்? வீட்டில் மாமனாரின் இடது கால் விரல்கள் கறுத்து, கறுப்பு கணுக்கால்வரை ஏறிவிட்டது. இன்று சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துக் காப்பாற்றலாம், விட்டால் ஆளே தேறமாட்டார் என்று டாக்டர் முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டார்.

"இடது கால எடுத்துட்டா க்ளச்ச யார் மிதிக்கிறது? நீங்களா?" என்று மாமனார் டாக்டரிடமே எகிறினார்.

ஒருவழியாக மகள் அழுது சம்மதிக்க வைத்தாள். அதற்கும் ஒரு நிபந்தனை. "ஆம்புலன்ஸெல்லாம் ஆகாது. ஆயுசு பூரா ஓட்டின என் வண்டியிலதான் வருவேன். நல்லா அகலமா டயர் போடுங்க மாப்ளே, மெத்தை மாதிரி போகும்." பழைய டயர்களை அவரே யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் டயர் உருண்டையாக இருக்கும் என்பதுதான். தலையாட்டினான்.

பின்னால் மெத்தை விரித்து மாமனாரைக் கிடத்தினார்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி துள்ளிய துள்ளலில் அவள் பல்லெல்லாம் ஆடியது.

"காத்து ஜாஸ்தி மாப்ளே. பாதிய இறக்குங்க."

இறக்கினான். துள்ளல் நின்றது. இப்போது வண்டி குடிகாரனைப் போலத் தள்ளாடியது. லாரிக்காரன் ஒருவன் தலையை நீட்டித் திட்டிவிட்டுப் போனான்.

"பின்னாடி பாரம் பத்தல. நாலு மணல் மூட்டை போடுங்க."

ஏற்றினான். மூட்டைகளுக்கு நடுவே மாமனாரும் ஒரு மூட்டையாகக் கிடந்தார். டயர் மட்கார்டில் உரசி, ரப்பர் கருகும் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"மட்கார்ட ரெண்டு தட்டு தட்டி நெளிச்சு விடுங்க."

தட்டியதில் தகரம் கிழிந்ததுதான் மிச்சம். அடுத்த திருப்பத்தில் 'பொத்'தென்று டயர் ரிம்மைவிட்டுக் கழன்று, வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மகள் அப்பாவின் காலைப் பார்த்தாள். கறுப்பு இன்னும் மேலே ஏறியதுபோல் தோன்ற, புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

"ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க!"

"கூப்பிட்டா நான் இறங்கி நடந்தே போயிடுவேன்," என்றார் மாமனார், நடக்க முடியாத மனிதர். பிறகு மருமகனைச் சமாதானப்படுத்தினார். "மனச விட்டுடாதீங்க மாப்ளே. வண்டின்னா அப்படித்தான். இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

பாவம், என்னைத் திட்டக்கூட மனசு வரவில்லையே என்று மாப்பிள்ளை தன்னையே நொந்துகொண்டான். தன் கையாலாகாத்தனத்தால் ஒரு உயிர் போகப்போகிறது என்று கண் கலங்க டயர்க்காரருக்குப் போன் செய்தான். பழைய மாதிரி ஒல்லி டயரோடு வரச் சொன்னான்.

டயர்க்காரர் வந்தார். மெத்தையில் கிடந்தவரைக் கண்டதும் முகம் ஒரு மாதிரியானது.

"வந்த வேலையப் பாரும்யா," என்று மாமனார் அதட்டினார்.

"சீக்கிரம்ணே," என்று மகள் கெஞ்சினாள். "இருட்டுறதுக்குள்ள ஆஸ்பத்திரி போகலேன்னா அப்பாவ உயிரோட பாக்க முடியாது."

டயர்க்காரர் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

"உயிரா? ஐயோ, சும்மா ஊசி போட இழுத்துட்டுப் போறாங்கன்னுல்ல சொன்னாரு... ரிம்முக்குச் சேராத டயராப் பாத்து மாட்டி அனுப்புய்யான்னு எனக்குப் போன் பண்ணினதே உங்கப்பாதாம்மா!"