பஸ்ஸுக்கு இல்லை, பயிற்சிக்கு உண்டு

பயிற்சிக்கு நிதி வாங்குகிறவர் என்று ஓர் இனம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். தோளில் துணிப்பை, அதன்மேல் போன கருத்தரங்கின் பெயர், கழுத்தில் அடையாள அட்டை. அதைக் குளிக்கும்போதாவது கழற்றுகிறாரா என்று அவர் வீட்டம்மாவுக்கே சந்தேகம். வீடு பற்றி எரிகிறது என்று ஓடிப்போய்ச் சொல்லுங்கள், தண்ணீர்க் குடத்தைத் தேடமாட்டார். "அடிப்படைக் காரணம் என்ன? திறன் குறைபாடு! நெருப்புக்கு இருக்கிற தேர்ச்சி நமக்கு இல்ல" என்பார்.

எங்கள் நகரப் போக்குவரத்து அலுவலகத்து ஆசாமிக்கு நாங்கள் வைத்த பெயர் 'திறன்'. நேரிலேயே 'திறன் சார்' என்றுதான் கூப்பிடுகிறோம். மனிதர் அதைப் பட்டம் என்று நினைத்துப் பூரித்துப்போகிறார். ஆளுக்கொரு கார் வைத்து ஊரைப் புகையாக்காமல் எல்லாரும் பஸ்ஸிலும் சைக்கிளிலும் போய்வர வேண்டும், அதை எப்படி நடத்துவது என்று அலுவலர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எங்கிருந்தெல்லாமோ நிதி வாங்கிவருவார். வாங்குவதில் சூரர். ஒருநாள் பயிற்சி, ஒருவாரப் பயிற்சி, பயிற்சி கொடுப்பவர்களுக்குப் பயிற்சி, அந்தப் பயிற்சி பலித்ததா என்று பார்ப்பவர்களுக்கும் பயிற்சி, நடுநடுவே பிஸ்கட், தேநீர், குழுப் புகைப்படம் என்று ஒரு குறையும் வைக்கமாட்டார். பஸ்ஸைத் தவிர.

எங்கள் தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்த ஒரே பஸ்ஸையும் எடுத்துக்கொண்டுவிட்டார். எதற்கு? பயிற்சிக்கு வந்தவர்களை ஏற்றிவந்து, மக்கள் பஸ்ஸுக்காக எப்படிக் காத்திருக்கிறார்கள் என்று எங்கள் நிறுத்தத்திலேயே காட்டுவதற்கு! வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்றால் இதுதான். பஸ் எதிரே வந்து நிற்கும், ஜன்னலுக்கு உள்ளேயிருந்து அவர்கள் எங்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பார்கள், வெளியேயிருந்து நாங்கள் காலி இருக்கைகளைப் பார்ப்போம், பஸ் போய்விடும்.

சிரிக்காதீர்கள். எங்களோடு இருக்கிற என் கொழுந்தியாளுக்கு வேலையே போகிற நிலைமை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள், இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்னொரு நாள் தாமதமானால் வரவே வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். என் சம்பளம் வாடகையோடு சரி. வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்தான். "அத்தான், அந்த மனுஷன் கால்ல விழுந்தாவது பஸ்ஸ விடச் சொல்லுங்க" என்று அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனேன்.

"பஸ் ஓட்டுறதுக்கு நிதி இல்லையே சார்" என்றார் திறன், மெய்யான வருத்தத்தோடு. "பயிற்சிக்குத்தான் இருக்கு."

"அப்ப நாங்க எப்படித்தான் வேலைக்குப் போறது?"

"நல்ல கேள்வி! அதுக்கு ஒரு பயிற்சி போடலாம்."

"போடுங்க! எங்க தெருவையே சேத்துக்கங்க!" என்று கத்தினேன். மனிதர் எழுந்துவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை தெருவே துணிப்பையும் அட்டையுமாக பஸ்ஸில் ஏறியது. ஏறியதும் ஒவ்வொருவரும் எழுந்து, தமக்குப் பிடித்த வாகனத்தைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டுமாம். பக்கத்து வீட்டுப் பல் டாக்டரோடு வருஷக்கணக்காகப் பேசாத தையல்காரர், அவரைப் பார்த்துக்கொண்டே "எனக்கு ரோடு ரோலர்" என்றார்.

ஆஸ்பத்திரி வாசல் வந்தது. கொழுந்தியாள் எழுந்தாள். திறன் குறுக்கே கையை நீட்டினார்.

"நடுவுல இறங்கக் கூடாதும்மா. ஏறி, வேண்டிய இடத்துல இறங்கினா அது பஸ் ஆயிடும். பஸ்ஸுக்கு நிதி இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது. ஆபத்துக்குப் பாவமில்லை, வாயில் வந்ததைச் சொன்னேன்: "சார், இது செய்முறை. பயணியை உரிய இடத்தில் இறக்கிவிடுதல்."

"செய்முறையா! அதுக்குத் தனி ஒதுக்கீடே இருக்கே!" என்று துள்ளினார். "இறங்கும்மா, இறங்கு. அப்படியே திரும்பிக் கையசை, ஒரு போட்டோ!"

அவள் எங்கே கையசைத்தாள், ஓட்டமாக ஓடினாள். வேலை தப்பியது. அன்றிலிருந்து தினமும் காலையில் ஏறுதல் செய்முறை, இறங்குதல் செய்முறை, சாயங்காலம் மறுபயிற்சி.

ஆனால் பயிற்சி என்றால் தேர்வு உண்டே? தேறியவருக்குப் பயிற்சி முடிந்தது, பஸ்ஸும் முடிந்தது. தெருவே கூடிப் பேசி முடிவெடுத்தோம். 'பஸ் என்றால் என்ன?' என்ற முதல் கேள்விக்கு எல்லாரும் ஒற்றுமையாக எழுதினோம்: தெரியாது. பல் டாக்டர் மட்டும் 'ஒரு வகைப் பறவை' என்று எழுதித் தம் அதிகப்பிரசங்கித்தனத்தைக் காட்டினார்.

"பஸ்ஸுக்குள்ளேயே உக்காந்துக்கிட்டு பஸ் தெரியாதுன்னு எழுதக் கை கூசுது அத்தான்" என்றாள் கொழுந்தியாள்.

"வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் கூசிக்கலாம். எழுது."

எழுதினாள். அத்தனை பேரும் தோல்வி. திறன் விடைத்தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு, "எவ்வளவு பெரிய குறைபாடு, பாத்தீங்களா!" என்று ஆனந்தக் கண்ணீர் விட்டார். நிதி இரட்டிப்பானது.

கொழுந்தியாளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. நானும் பயிற்சியாளர் ஆகிவிட்டேன். தேர்வில் தோற்பது எப்படி என்று அடுத்த தெருக்காரர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். கழுத்தில் அட்டை இருக்கிறது. குளிக்கும்போது கழற்றத்தான் நினைக்கிறேன்.

அது கிடக்கட்டும், உங்களை ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். தெருவுக்கு பஸ் வரவில்லை என்றதும் உங்கள் மனதில் முதலில் வந்தது எது? 'ஒரு பஸ்ஸை விட்டுத் தொலைங்களேன்' என்பதா, 'இவங்களுக்கெல்லாம் யாராவது சொல்லிக்கொடுக்கணும்' என்பதா? இரண்டாவது என்றால் வெட்கப்படாதீர்கள். நாளைக் காலை வாருங்கள், ஜன்னலோரத்தில் இடம் போட்டு வைக்கிறேன். துணிப்பை இலவசம்.