புல் வென்ற ஆட்டம்

உலக வரலாற்றில் புல்லைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்த உயிர்கள் இரண்டே இரண்டு. ஒன்று பசு. மற்றது, அயோவா மாநிலம் வில்லோ பெண்ட் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் தாடியஸ் லிண்ட்க்விஸ்ட். பசு, சிந்தித்ததை அசைபோடுவதோடு நிறுத்திக்கொண்டது. பேராசிரியர் அறிக்கையாக வெளியிட்டார். தொழுவத்துக்கும் உயர்கல்விக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

அவருடைய அறிக்கைகளை உலகுக்கு அறிவிக்கும் பாக்கியம் பெற்றவன் நான். க்ளைட் பிங்காம், கல்லூரியின் செய்தித் தொடர்பு அதிகாரி. என் பதினாறு ஆண்டுப் பணியில், நான் எழுதிய எந்த அறிக்கையிலும் உண்மை புகுந்து குழப்பம் விளைவித்ததாக ஒரு புகார்கூடக் கிடையாது.

எங்கள் பெண்கள் கால்பந்து அணி அந்த ஆண்டு நாக்-அவுட் சுற்றுக்குள் நுழையும் போலிருந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. ஊரே கொஞ்சம் கிறுக்குப் பிடித்துத் திரிந்தது. முடிதிருத்தும் கடையில்கூட யார் ஜெயிப்பார்கள் என்று கணித்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுத்தார்கள். அறியாத ஜனங்கள் அணியின் பலத்தை வைத்துக் கணித்துக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் ஒருவர்தான் தரையைப் பார்த்தார்.

அக்டோபர் நடுவில் கல்லூரி முதல்வர் கார்லோட்டா பெம்பர்ட்டன் அம்மையார் கூட்டிய அவசரக் கூட்டத்தில், பேராசிரியர் திரையில் ஒரு வரைபடத்தைப் போட்டார்.

"நாலு வருஷக் கணக்கு இது. நம்ம பொண்ணுங்க இயற்கைப் புல்லுல முப்பத்தோரு ஆட்டம் ஆடி இருபத்தஞ்சு ஜெயிச்சிருக்காங்க. பிளாஸ்டிக் புல்லுல பதினாலு ஆடி மூணே மூணு. இப்ப யோசிங்க. பொண்ணுங்க வருஷா வருஷம் படிச்சு முடிச்சுப் போயிடறாங்க. புது ஆளுங்க வர்றாங்க. மாறாம இருக்கறது எது?"

"புல்லு!" என்றார் முதல்வர், மூச்சு விடாமல்.

"அப்ப ஜெயிக்கறது யாரு?"

எனக்குப் புல்லரித்தது. அந்தச் சொல்லின் முழுப் பொருளும் அன்றுதான் எனக்கு விளங்கியது.

இயற்கைப் புல் வளர்ந்த எங்கள் மைதானத்தில் முதல் சுற்று நடந்தால் வெற்றி வாய்ப்பு எண்பத்து நான்கு விழுக்காடு என்று பேராசிரியர் அறிவித்தார். பிளாஸ்டிக் புல்லில் நடந்தால் பத்தொன்பது. கால்பந்தில் கால் என்பது கால்வாசிதான், மிச்சம் முக்கால்வாசி கணிப்பு என்று நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். உடனே "களப்பரப்பு மேன்மைக் குழு" அமைக்கப்பட்டது. பதினோரு பேர். ஓர் அணிக்குச் சமம். யாருக்கும் கால்பந்து தெரியாது என்பதால் நடுநிலைமைக்குக் குறைவில்லை.

குழுவின் முதல் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வெற்றியைத் தரும் புல்லுக்குப் பெரிய ஆபத்து எது என்று ஆராய்ந்தார்கள். புழு அல்ல, பனி அல்ல. ஆணி வைத்த காலணியோடு தினமும் இரண்டு மணி நேரம் அதன்மேல் ஓடும் இருபத்து மூன்று பெண்கள்தான். மிச்ச லீக் ஆட்டங்கள் எல்லாம் வெளியூரில் என்பதால், நாக்-அவுட் வரை மூன்று வாரத்துக்கு மைதானம் மூடப்பட்டது. சுற்றிக் கயிறு கட்டினார்கள். மைதானக் காவலர் ஆர்வில் ஷ்மிட்கே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இருபது வருடமாக அந்தப் புல்லை வெட்டியவர் அவர். அவரைக் குழுவில் சேர்க்கவில்லை. புல்லோடு அவருக்கு நேரடிப் பழக்கம் இருந்ததால் பாரபட்சம் வந்துவிடும்.

பயிற்சியாளர் ரோசலின்ட் டுப்ரே முதல்வர் அறைக்குள் புயலாக வந்தார்.

"மேடம், என் பொண்ணுங்க எங்கதான் பயிற்சி எடுக்கறது?"

"வடக்குக் கார் நிறுத்துமிடம் காலியாத்தானே இருக்கு, கோச்."

"அது தார் மேடம்! விழுந்தா முட்டி பேந்துடும்!"

"விழாம ஆடச் சொல்லுங்க. அதுக்குத்தானே பயிற்சி," என்றார் முதல்வர் கனிவோடு.

முதல் நாளே நான்கு முட்டிகள் பேந்தன. அணித் தலைவி மாரென் ஹோக்ஸ்ட்ரா கடைசி ஆண்டு மாணவி. பத்து பேர் பேச்சை ஒரே வாயில் பேசுவாள். அவளுடைய மாமா ஹார்லன் ஊரில் சவ அடக்க நிலையம் நடத்துகிறவர். அடக்கத்தின்போது குழியைச் சுற்றி மண் தெரியாமல் விரிப்பார்களே, பச்சைப் பிளாஸ்டிக் புல்விரிப்பு, அது அவரிடம் சுருள் சுருளாக இருந்தது. மறுநாள் மாலை, சவ வண்டி நிறைய விரிப்போடு மாமாவும் மருமகளும் கார் நிறுத்துமிடத்தில் வந்து இறங்கினார்கள்.

"சும்மா சொல்லக்கூடாது, நல்ல விரிப்புங்க. இது மேல வந்தவங்க ஒருத்தரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல," என்றார் ஹார்லன்.

"ஆட்டம் முடிஞ்சவங்கதானே மாமா வர்றாங்க!" என்றாள் மாரென்.

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அதன்மேலேயே விழுந்து விழுந்து பயிற்சி செய்தார்கள். ஒரு வியாழக்கிழமை மெதடிஸ்ட் தேவாலயத்தில் ஓர் அடக்கம் வந்து பாதி விரிப்பு போய்விட்டது. அன்று தாக்குதல் மட்டும் பழகினார்கள். தற்காப்பு கல்லறைக்குப் போயிருந்தது. "புதுமையான பன்முகத் தளப் பயிற்சி" என்று நான் செய்தி வெளியிட்டேன்.

அதற்குள் புல் தளதளவென்று வளர்ந்தது. முதல்வர் விருந்தினர்களைக் கயிற்றோரம் அழைத்து வந்து காட்டினார். பேசும்போது எல்லோரும் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அணி நாக்-அவுட்டுக்குத் தகுதி பெற்றது. முதல் ஆட்டம் எங்கள் ஊரிலேயே, ஸ்டோனி ஃபோர்க் கல்லூரியோடு. அவர்கள் பிளாஸ்டிக் புல்லில் பிறந்து வளர்ந்தவர்கள். எண்பத்து நான்கு விழுக்காடு! ஊர் முழுக்க அந்த எண்ணைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மழை பெய்தது.

குழு கூடியது. பேராசிரியரின் முகம் வெளுத்திருந்தது. "ஈரத்துல இருபத்திரண்டு பேரு ஓடினா புல்லு குதறிப் போயிடும். அடுத்த வருஷம் எண்பத்து நாலு அறுபத்தொண்ணா இறங்கிடும். என் கணிப்பு மாதிரியால அதைத் தாங்க முடியாது."

ஜெயிக்கவைக்கும் புல்லை, ஜெயிப்பதற்காக வீணாக்கலாமா? கூடாது என்று பதினோரு கைகள் உயர்ந்தன. ஆட்டத்தை ஸ்டோனி ஃபோர்க்கிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று கடிதம் போயிற்று. அவர்கள் சம்மதம் தெரிவித்த வேகத்தைப் பார்த்தால், கடிதம் வருவதற்கு முன்பே பதில் எழுதி வைத்திருந்தார்களோ என்று தோன்றும்.

மாரெனும் பயிற்சியாளரும் முதல்வரைப் பார்க்க வந்தார்கள். நான் ஓரமாக நின்று குறிப்பெடுத்தேன்.

"சொந்த மைதானத்துல ஆட வேண்டிய ஆட்டத்தை அவங்க ஊருல போய் ஆடணுமா மேடம்?"

"சொந்த மைதான ஆட்டம்தாம்மா இது. நீங்க கொஞ்சம் தள்ளிப் போய் ஆடறீங்க, அவ்வளவுதான்."

"எவ்வளவு தள்ளி?"

"நாப்பது மைல்," என்றேன் நான், உதவியாக இருக்கட்டுமே என்று.

மாரென் என்னைப் பார்த்தாள். "மூணு வாரமா செத்தவங்க பாய்ல ஆடினோம். நாளைக்கு ஜெயிக்கறோமா இல்லையா பாருங்க." கதவைச் சாத்திய சத்தத்தில் சுவரில் மாட்டியிருந்த புல்லின் புகைப்படம் சாய்ந்தது. முதல்வர் ஓடிப்போய் நேராக்கினார்.

சனிக்கிழமை மதியம் ஸ்டோனி ஃபோர்க்கின் பிளாஸ்டிக் தரை பளபளத்தது. பத்தாவது நிமிடமே அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். "கணிப்புப்படி போகுது," என்று பேராசிரியர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அதன்பிறகு நடந்தது கணிப்பில் இல்லை. அந்தத் தரையில் பந்து எகிறும், பாம்பாய் வழுக்கும், புல்லில் பழகினவர்கள் தடுமாறுவார்கள். எங்கள் பெண்களோ மூன்று வாரமாகத் தாரில் எகிறும் பந்தோடும் காலடியில் நழுவும் விரிப்போடும் மல்லுக்கட்டியவர்கள். அவர்களுக்கு இது மெத்தை. இடைவேளைக்கு முன்பு ஒன்றுக்கு ஒன்று. எழுபத்தெட்டாவது நிமிடத்தில் மாரென் நடுக்களத்தில் பந்தைப் பறித்து, இரண்டு பேரைத் தாண்டி, மூன்றாவது ஆளைத் தாண்டும்போது முட்டியில் விழுந்து, விழுந்தபடியே உதைத்தாள். வலை குலுங்கியது.

நான் கத்தினேன். என் பதவிக்கு உரிய கண்ணியம் எல்லாம் பறந்தது. என் கையிலிருந்த சூடான கோகோ முழுவதும் பேராசிரியரின் வரைபடத்தில் கொட்டியது. கடைசி நிமிடத்தில் கோல்காப்பாளர் பிரயோனி பக்கவாட்டில் பறந்து ஒரு பந்தைத் தட்டிவிட்டாள், ஆட்டம் முடிந்தது. இரண்டுக்கு ஒன்று. பயிற்சியாளர் டுப்ரே தரையில் உட்கார்ந்து தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"கணிப்பு என்னாச்சு புரொஃபசர்?" என்று கேட்டேன்.

பேராசிரியர் வரைபடத்திலிருந்து கோகோவை வழித்தார். "பத்தொன்பது விழுக்காடுன்னு சொன்னேனா இல்லையா? அதுல அடங்குது. எது நடந்தாலும் அடங்கும். அதுதான் மாதிரியோட பலம்."

முதல்வர் தொலைபேசியில் எனக்குத் தலைப்பே சொல்லிவிட்டார். பேருந்தில் திரும்பும்போது மடியில் கணினியை வைத்து அறிக்கையைத் தட்டி முடித்தேன். மாரென் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன எழுதியிருக்கீங்க, மிஸ்டர் பிங்காம்?"

மறைக்க நேரமில்லை. அவள் உரக்கப் படித்தாள். "'வில்லோ பெண்ட் புல்லின் மகத்தான வெற்றி. தன்னைக் காத்துக்கொண்டதன் மூலம் அணிக்கு ஊக்கமளித்த இயற்கைத் தளம்…' ஏய், கேளுங்கடி! ஜெயிச்சது நாம இல்லையாம்! புல்லாம்!"

பேருந்து அதிர்ந்தது. அவ்வளவு சிரிப்பை அந்த ஓட்டுநர் கேட்டிருக்கவே மாட்டார். வண்டியை ஓரம் கட்டித் தானும் சிரித்துவிட்டுத்தான் எடுத்தார்.

கல்லூரி வாசலில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாரென் பையைக் கீழே போட்டாள். "வாங்கடி. ஜெயிச்சவரைப் பார்த்துக் கை குடுத்துட்டு வருவோம்."

கயிற்றருகே ஆர்வில் நாற்காலியிலிருந்து எழுந்தார். இருபத்து மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தார்.

"எத்தனைக்கு எத்தனை?"

"ரெண்டுக்கு ஒண்ணு, ஆர்வில்!"

"ஷூவைக் கழட்டிட்டுப் போங்க," என்று சொல்லி, கயிற்றை அவிழ்த்தார்.

நவம்பர் குளிரில் வெறுங்காலோடு ஓடினார்கள். ஈரப் புல்லில் உருண்டார்கள். குனிந்து புல்லின் கையைத் தேடிக் குலுக்கினார்கள். பயிற்சியாளர் டுப்ரே, ஐம்பத்திரண்டு வயதில், கரணம் அடித்தார். புல் அவ்வளவு மெத்தென்றிருந்தது போலும், ஒருத்தி மல்லாந்து படுத்து எழ மறுத்தாள். எனக்கும் என்னவோ ஆகிவிட்டது. நானும் ஒரு ஷூவைக் கழற்றினேன். ஒரு காலை உள்ளே வைத்தேன். சில்லென்று ஏறியது, உச்சி வரைக்கும். பிறகு என் பதவி ஞாபகம் வந்தது. காலை எடுத்து ஷூவை மாட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை குழு கூடியது. தடயங்கள் அளக்கப்பட்டன. மாணவிகளின் நாற்பத்தாறு கால்கள். பயிற்சியாளரின் இரண்டு கால்களும் இரண்டு கைகளும். வாசலோரம், சாக்ஸ் போட்ட ஓர் ஒற்றைக் கால். கடைசியானதைப் பற்றி நெடுநேரம் விவாதித்தார்கள். "அடையாளம் தெரியாத ஒற்றைக் கால்" என்று கூட்டக் குறிப்பில் நான்தான் பதிவு செய்தேன்.

"நிறுவனத்தின் முதன்மைச் சொத்துக்குச் சேதம்" விளைவித்ததற்காக இருபத்து மூன்று பேரும் இரண்டு வாரம் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். பயிற்சியாளருக்கு எச்சரிக்கை, ஆர்விலுக்கு வேலை போயிற்று. அடுத்த சுற்று அந்தச் சனிக்கிழமை எங்கள் மைதானத்தில். வெயில் பளிச்சென்று அடித்தது. புல் தயாராக இருந்தது. குழு முழுவதும் வரிசையாக உட்கார்ந்திருந்தது. எதிரணி வந்து, சற்று நேரம் சுற்றும் முற்றும் பார்த்து, ஆடாமலே ஜெயித்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மதிய உணவுக்குப் போனது.

பேராசிரியர் சிறிதும் கலங்கவில்லை. இயற்கைப் புல்லில் ஆடியிருந்தால் எங்கள் வெற்றி வாய்ப்பு எண்பத்து நான்கு விழுக்காடு என்ற கணிப்பை அந்த ஆண்டு எவராலும் பொய்யாக்க முடியவில்லை. அதற்காக அவருக்கு ஒரு விருதும் கிடைத்தது.

இருபத்து மூன்று இடைநீக்கக் கடிதங்களையும் எழுதியவன் நான். ஒன்றிலும் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை என்று முதல்வர் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். இருபத்திரண்டு பேர் கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். மாரென் மட்டும் தன்னுடையதை என் மேஜைக்கே திருப்பி அனுப்பியிருந்தாள். அடியில் பென்சிலால் ஒரு வரி:

"இருபத்து நாலாவது கடிதம் எங்க, சார்?"