ஏற்கெனவே உள்ளே இருப்பவர்

விவேகானந்தன் இரண்டு நாளாக வேலைக்கே வரவில்லை என்று பதிவு செய்திருந்த கணினியின் முன்னால்தான், அந்த இரண்டு நாளும் விவேகானந்தன் உட்கார்ந்திருந்தான்.

கண்டியில் ஒரு தேயிலை ஏற்றுமதிக் கந்தோர். திங்கட்கிழமைதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மேசையில் சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு கார்ட் ரீடர். காலை ஒன்பதுக்குள் அதில் தன் அட்டையைச் செருகவேண்டும். மூன்று நாள் தொடர்ந்து பதியாதவனின் பெயரைக் கொழும்புத் தலைமையகம் வெட்டிவிடும். வேலை போனால் வேலைக் கடிதம் செல்லாது. யுத்தம் நடந்த இரண்டாயிரத்தெட்டில் அந்தக் கடிதம் இல்லாத யாழ்ப்பாணத்து வாலிபனை எந்த லொட்ஜும் வைத்திருக்காது. பொலிஸ் வைத்திருக்கும்.

இன்று புதன். மூன்றாம் நாள்.

"டிரைவர் பழுது" என்றது திரை, இன்றும்.

ரீடரையும் கணினியையும் பேச வைக்கும் மென்பொருள்தான் டிரைவர். அதை அழித்துவிட்டு, சீடியைப் போட்டுப் புதிதாக ஏற்றினான். இப்போது "ரீடரே இல்லை" என்றது. ரீடர் அவன் மூக்குக்கு நேரே இருந்தது.

எழுந்து பார்க்கலாமென்றால் தொடைகள் மரத்திருந்தன. இரண்டு நாளாகவே அப்படித்தான். கண்டிக் குளிர் என்று நினைத்துக்கொண்டு, எட்டி வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது. அட்டை இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"வருக, வீரசிங்கம். 8.31."

வீரசிங்கம் இதே கதிரையில் அவனுக்கு முன் உட்கார்ந்து வேலை பார்த்தவர். போன மாதம் ஒரு மத்தியானம் சோற்றுப் பார்சல் வாங்கப் போனார். பார்சலும் வரவில்லை, அவரும் வரவில்லை.

கணினியின் ஊழியர் பட்டியலில் அந்தப் பெயரை அழித்தான். அப்போது மேனேஜர் செல்லச்சாமி வந்து தன் அட்டையைச் செருகினார்.

"வருக, வீரசிங்கம்."

"என்னய்யா இது! நான் உசுரோட நிக்கிறேன்!"

அட்டையைச் சட்டையில் துடைத்து மறுபடி செருகினார்.

"வீரசிங்கம், நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்."

செல்லச்சாமியின் குரல் இறங்கியது. "ஒம்பதுக்குள்ள சரி பண்ணிருங்க தம்பி. பெறகு என்னால ஒண்ணும் செய்ய ஏலாது." பிள்ளையார் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தப் போய்விட்டார்.

எட்டு ஐம்பத்திரண்டுக்கு, கந்தோரில் தேநீர் போடும் பாலம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். வழக்கம்போல இரண்டு கோப்பை. தாராளமான மனுஷி என்று திங்கள் முதல் இரண்டையும் அவனே குடித்து வந்தான்.

"பாலம்மாக்கா, வீரசிங்கத்தின்ர அட்டை ஆரிட்ட இருக்கு? உண்மையச் சொல்லுங்கோ. என்ர வேலை போகப் போகுது."

பாலம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்டையை மேசையில் வைத்தாள்.

"மேசையில விட்டுட்டுப் போயிருந்தாரு. நான்தான் தெனம் காலையில போட்டேன். திரும்பி வந்தா நிக்க ஒரு எடம் வேணாமா?"

விவேகானந்தனுக்கு மூச்சு வந்தது. "அப்ப நீங்கதானோ! நான் பேயெண்டு பயந்து செத்தன். இண்டைக்கும் போட்டனீங்களோ?"

"இல்லியே. போன வெள்ளியோட நிப்பாட்டிட்டேன்."

"ஏன்?"

"திங்கக்கெழம அவரே வந்துட்டாரே. நீங்கதான் எந்திரிச்சு எடம் குடுக்கல. மூணு நாளா மனுசன் ஒங்க மடியிலதானே தம்பி ஒக்காந்து வேல பாக்குறாரு."