இறந்தவர் கணக்கும் ஏழு பிளகின்களும்

காலையில் எழுந்தான். பல் துலக்கினான். சட்டையின் முன்பக்கத்தை மட்டும் இஸ்திரி போட்டான். முதுகைப் பார்த்துக் குறை சொல்ல இப்போது வீட்டில் ஆள் இல்லை. மாமனாரின் பூட்டுக்கடை இணையதளத்தை மடிக்கணினியில் திறந்துவிட்டு டீ போடப் போனான். டீ கொதித்தது. வடிகட்டினான். குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தான். தளம் இன்னும் வந்துகொண்டிருந்தது.

அதைக் கட்டியவள் அவன் மனைவி. ஒவ்வொரு பூட்டுக்கும் தாழ்ப்பாளுக்கும் அவளே குறிப்பு எழுதினாள். 'இந்தப் பூட்டு திருடனைத் தடுக்காது, கொஞ்சம் யோசிக்க வைக்கும்' என்று உள்ளதைச் சொல்லியே விற்றாள். போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். அதற்குப் பிறகுதான் தளம் நொண்ட ஆரம்பித்தது. ஆர்டர்களும் குறைந்தன.

தொலைபேசி கிணுகிணுத்தது. கடைக்காரர்கள் குழுவில் ஒரே அமளி. வேக வித்தகர் வருகிறாராம். அவர் கை வைத்த தளம் கண் சிமிட்டுவதற்குள் திறக்கிறதாம். அடுத்த ஊரில் ஒரு பேக்கரிக்காரர் தளத்தின் வேகம் தாங்காமல் அழுதேவிட்டாராம். அழுதவரைப் பார்த்தவர் யாருமில்லை. பார்த்தவரைத் தெரிந்தவர்கள்தான் நிறையப் பேர்.

மாமனார் அழைத்தார். "மாப்பிள்ளை, சங்கக் கூடத்துக்கு வந்துடுங்க. இன்னைக்கு நம்ம சைட்டுக்கும் பண்றார்."

"என்ன பண்றார் மாமா?"

மாமனார் குரலைத் தாழ்த்தினார். "சைட்டுல அவ பேர்ல இருக்கற கணக்கை எடுக்கணுமாம். அவ எழுதினதெல்லாம் சேர்த்து. இறந்தவங்க பேர் உள்ள இருந்தா சைட்டைப் பிடிச்சு இழுக்குமாம்."

அவன் தொலைபேசியை வைத்தான். செருப்பை மாட்டினான்.

கூடத்தில் நிற்க இடமில்லை. வித்தகர் வெள்ளைக் கோட்டு அணிந்திருந்தார். மருத்துவர் போலவும் இல்லை, சமையல்காரர் போலவும் இல்லை. பின்னால் பெரிய திரை. அதில் அவரே செய்த வேகமானி. தளத்தின் பெயரைத் தட்டினால் முள் ஆடி ஆடி ஓரிடத்தில் நிற்கும்.

முதலில் தையற்கடைக்காரரின் தளத்தின் பெயரைத் தட்டினார்கள். முள் சிவப்பில் சரிந்தது. கீழே எழுத்து வந்தது: மறைந்தவர் கணக்கு, ஒன்று.

கூட்டம் உச்சுக் கொட்டியது. தையற்காரர் வெளிறினார். "முன்னாடி ஒரு பையன் சைட்டைப் பாத்துக்கிட்டான். வேலைய விட்டுப் போயிட்டான்."

"செத்துட்டானா?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"தெரியல. போன் எடுக்க மாட்டேங்கறான்."

"அப்போ செத்ததாத்தான் இருக்கும்" என்று கூட்டம் முடிவு செய்தது. ஓர் ஆயுள் இப்படியும் முடியும்.

வித்தகர் பரிகாரம் சொன்னார். ஏழு கேஷ் பிளகின்கள். ஏழையும் ஒன்றாகப் போட வேண்டும். பழைய கணக்கை வேரோடு பிடுங்க வேண்டும். வேகமானியின் கீழிருந்த 'பரிகாரம்' பொத்தானைத் தட்டினார். முள் பச்சைக்கு எகிறியது. தொண்ணூற்றொன்பது. கைதட்டலில் மின்விசிறிச் சத்தம் கேட்கவில்லை.

கேஷ் பிளகின் என்பது ஒன்றும் மாயமில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் பக்கத்தைப் புதிதாகத் தயாரிக்காமல், ஒருமுறை தயாரித்ததன் நகலை எடுத்து நீட்டும். ஒன்று போதும். ஏழு போட்டால், ஒரே வாசலில் ஏழு காவலாளிகளை நிறுத்திய மாதிரி. அவர்கள் சண்டை தீர்ந்த பிறகுதான் வாடிக்கையாளர் உள்ளே போக முடியும்.

மாமனாரின் முறை வந்தது. அவர் எழுந்தார்.

"மாமா, ஒரு நிமிஷம்" என்றான் அவன். மேடையேறினான். "சார், எந்த சைட்டா இருந்தாலும் உங்க மீட்டர் சொல்லுமா?"

"உலகத்துல எதுவானாலும், தம்பி."

அவன் கண்ணை மூடிக்கொண்டு விசைப்பலகையில் இரண்டு கையையும் ஓடவிட்டான். வாயில் நுழையாத ஒரு பெயர் விழுந்தது. அனுப்பினான்.

முள் ஆடியது. சிவப்பில் சரிந்தது. மறைந்தவர் கணக்கு, ஒன்று.

"இப்போ பொத்தானைத் தட்டுங்க."

வித்தகர் தட்டவில்லை. அவனே தட்டினான். தொண்ணூற்றொன்பது.

பிறகு அதே பெயரை உலாவியில் போட்டான். அப்படி ஒரு தளமே இல்லை என்று வந்தது. பிறக்காத தளத்தில் ஒருவர் இறந்திருந்தார்.

"அது வந்து... நெட்வொர்க்..." என்றார் வித்தகர்.

"யோவ்" என்றார் தையற்காரர். "அந்தப் பையன் உசிரோடதான் இருக்கானாய்யா?"

வித்தகர் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துக்கொண்டு படியிறங்கினார். சிரிப்பு தெருமுனை வரை அவரைத் துரத்தியது. கூட்டம் கலையும்போது ஒருவர் அவன் காதருகே வந்து கேட்டார்: "தம்பி, ஏழு வேணாம் சரி. மூணு போட்டுக்கலாமா?"

கடைக்குத் திரும்பி அவனும் மாமனாரும் தளத்தைத் திறந்து பார்த்தார்கள். முகப்பில் அவர் கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய படங்கள். ஒவ்வொன்றும் சுவர் அளவு. மகள் இருந்தவரை அவள்தான் சுருக்கி ஏற்றுவாள். அவருக்கு அது தெரியாது. தளத்தை இழுத்துப் பிடித்தது அவள் இருப்பல்ல, இல்லாமை.

படங்களைச் சுருக்கினான். ஒரே ஒரு கேஷ் பிளகின் போட்டான். தெருவில் இறங்கி நின்று தன் தொலைபேசியில் திறந்தான். வந்தது. பழைய நகல்களை அழித்துவிட்டு மறுபடி திறந்தான். அப்போதும் சட்டென்று வந்தது. அவள் கணக்கு அங்கேயே இருந்தது. திருடனை யோசிக்க வைக்கும் பூட்டும் இருந்தது.

மாமனார் கண்ணைத் துடைத்தார். "கடைசியில அவ சாமி பேரைச் சொல்லித்தான் போனான்னு உங்க அத்தை எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கா. அதுவாவது நெசமா மாப்பிள்ளை?"

அவன் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டான். கடைசி நாளன்று மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அவள் அழைத்திருந்தாள். பித்தளைத் தாழ்ப்பாளின் விலையை மாற்றச் சொல்லியிருந்தாள். மாற்றிவிட்டேன், பார்த்துவிட்டேன் என்றான். அவள் தொலைபேசியில் தளம் பழைய விலையைத்தான் காட்டியது.

"இல்ல மாமா" என்றான். "வேற சொன்னா."

"என்ன சொன்னா?"

"'ரிஃப்ரெஷ் பண்ணிப் பாத்தியா? பாக்காமயே பாத்தேன்னு சொல்லாத.'"